'பாஸ்' என்று எழுதிய அந்தச் சீட்டு

சேலம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் மகனுக்கு 1 வயது 7 மாதம். நாள் நிறையாமல் 33-ஆவது வாரத்தில் பிறந்தவன். எடை 1 கிலோ 700 கிராம். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது என்.ஐ.சி.யூ.வில், 14 நாள் இருந்தான். மஞ்சள் காமாலை ஏறியதால் நான்கு நாள் லைட்டுக்கடியில் வைத்தார்கள். ரத்தம் மாற்ற வேண்டிவரலாம் என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சாக இருந்து, பிறகு தேவைப்படவில்லை. கிருமித் தொற்றுக்கு ஒரு வாரம் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் காதில் சின்னதாக ஒன்றைச் செருகிப் பார்த்து, "ரெண்டு காதும் பாஸ்" என்று சீட்டுக் கொடுத்தார்கள். தடுப்பூசி அட்டைக்குள் அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

பையன் இதுவரை 'அம்மா' என்று சொல்லவில்லை. எட்டு மாதத்தில் வந்த 'பப்பப்பா'வும் குறைந்துபோனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறான், சில நாள் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுகிறான். அப்பாவின் பைக் வந்தால் வாசலுக்கு ஓடுகிறான். காதிலிருந்து மூளைத்தண்டு வரை சத்தம் செய்தியாகப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டை எடுக்கச் சொல்லிவிட்டார் குழந்தை நல மருத்துவர். வீட்டில் மாமியார், அதாவது அவருடைய சொந்த அத்தை, "இவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான், மயக்க மருந்து குடுத்துப் புள்ளையைக் கெடுக்காதே" என்கிறார். நாக்கில் வசம்பு தேய்த்துவிடுகிறார். மூன்று வயது வரை பார்க்கலாம் என்கிறார் கணவர். டவுனில் காது மெஷின் விற்கும் கடைக்காரர், டெஸ்ட் எல்லாம் வேண்டாம், இப்போதே மெஷின் போட்டுவிடலாம் என்றாராம். "சொந்தத்துல கட்டினதுக்குத் தண்டனை" என்று தாய் வீட்டுப் பக்கம் பேச்சு.

அவர் கேட்பவை மூன்று. பாஸ் ஆன குழந்தைக்கு மறுபடி எதற்கு டெஸ்ட்? பெரா ஆபத்தா? காத்திருந்தால் என்ன?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகனுக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. இருபது வருடமாகக் காது கேட்கிறதா என்று சோதிப்பதே வேலையாக இருக்கிற ஆடியாலஜிஸ்ட் நான். நேரில் பார்த்தே ஏமாந்திருக்கிறேன். ஆனால் உங்கள் மருத்துவர் ஏன் பெரா கேட்டார் என்பது நன்றாகப் புரிகிறது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அந்தச் சீட்டு சொன்னது பாதிதான்

டிஸ்சார்ஜ் அன்று எடுத்தது ஓ.ஏ.இ. என்ற சோதனை. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்த ஒரு விநோதத்தை வைத்து நடப்பது. உள்காதில் நத்தைக்கூடு போன்ற காக்ளியா இருக்கிறது. அதிலுள்ள வெளி மயிர்ச்செல்கள் நலமாக இருந்தால், வெளியிலிருந்து ஒரு சத்தம் போனதும் அவை தாமாக ஒரு மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். காதில் செருகிய குழாயிலுள்ள மைக் அதைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தை தூங்கினால் போதும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறந்த குழந்தைகளை வரிசையாகப் பார்க்க இதைவிட வசதியான சோதனை கிடையாது.

ஆனால் அது காக்ளியா வரைதான் பார்க்கும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறதா என்பது அந்த மெஷினுக்குத் தெரியவே தெரியாது. வாசல் பல்பு எரிவதைப் பார்த்துவிட்டு வீடு முழுக்கக் கரண்ட் இருக்கிறது என்று சொல்வது மாதிரி.

உங்கள் பையன் விஷயத்தில் எனக்கு உறுத்துவது இங்கேதான். காமாலையில் ஏறும் மஞ்சள் நிறப் பொருளான பிலிருபின் ரத்தத்தில் மிகவும் கூடினால், அது காக்ளியாவை விட்டுவிட்டு, செவி நரம்பையும் மூளைத்தண்டில் கேட்பதற்கான இடங்களையும் தாக்கும் பழக்கம் உள்ளது. குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் கூடுதல். அப்படிப் பாதிக்கப்பட்டால் ஓ.ஏ.இ. அழகாகப் 'பாஸ்' ஆகும். நரம்பில் மட்டும் செய்தி சிதறும். இதற்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். இந்தக் குழந்தைகளுக்குச் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோவைப் போல. ஒரு நாள் திரும்புவதும் மறுநாள் கல்லாக இருப்பதும்கூட இதில் பார்க்கிற அடையாளம். நீங்கள் 'சில நாள் திரும்புகிறான்' என்று எழுதிய வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

5 நாளுக்கு மேல் என்.ஐ.சி.யூ.வில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, நரம்பின் வேலையையும் பார்க்கும் சோதனை வேண்டும் என்று அமெரிக்காவில் இதற்கென இருக்கும் கூட்டுக்குழு 2007-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை. உங்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்த மெஷின் கேட்ட கேள்வி சின்னது. இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு வார ஊசி ஜென்டாமைசின், அமிக்காசின் வகையாக இருந்திருந்தால் அது காக்ளியாவையே தொடக்கூடியது. பாதிப்பு மெதுவாக, பிறகும் தெரியவரலாம். டிஸ்சார்ஜ் அன்று பாஸ் ஆனது அன்றைக்கு மட்டுமே செல்லும்.

ஆகவே இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் குழந்தையின் முழு ஃபைலையும் நகல் கேளுங்கள். பிலிருபின் எவ்வளவு வரை ஏறியது, எந்த ஊசி எத்தனை நாள் என்பது அதில் இருக்கும். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிப்படி பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். தயக்கம் வேண்டாம், நீங்கள் சண்டைக்குப் போகவில்லை.

குக்கரும் பைக்கும்

உங்கள் அத்தை சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. குக்கருக்குத் திடுக்கிடும் குழந்தையைச் செவிடு என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆனால் நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. குக்கர் விசில் அதைவிட எவ்வளவோ பலமானது. விசில் கேட்டுப் பேச்சு கேட்காத குழந்தைகள் நிறைய. தவுல் சத்தத்துக்கு ஆடுகிற குழந்தைக்கு 'ச', 'ஸ்', 'த' மட்டும் காதில் விழாமல் போகலாம். அப்படிக் கேட்கும் பேச்சு ஓட்டை விழுந்த துணி மாதிரிதான்.

பைக் விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்: பைக் வந்ததும் வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார்? அத்தையா, குழந்தையா? சாயங்காலம் ஆறு மணியா? நாய் குரைத்ததா? காது சரியாகக் கேட்காத குழந்தைகளின் கண் பயங்கரக் கூர்மை. என் அறையில் ஒரு தாத்தா, "என் பேரனுக்கா காது கேக்காது?" என்று பேரனுக்குப் பின்னால் நின்று ஓங்கிக் கை தட்டினார். குழந்தை சட்டென்று திரும்பியது. தாத்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதே இடத்தில், அதே தூரத்தில், ஒரு சின்ன மணியை நான் ஆட்டினேன். குழந்தை அசையவில்லை. கை தட்டியபோது கிளம்பிய காற்று பிடரியில் பட்டிருக்கிறது.

வீட்டில் நீங்களே பார்க்க நினைத்தால் ஃபேன், டி.வி.யை நிறுத்துங்கள். குழந்தை விளையாட்டில் இருக்கும்போது ஒரு மீட்டர் பின்னால், நிழல் விழாமல், மூச்சுக்காற்று படாமல் உட்கார்ந்து, பேசும் அளவிலேயே 'ஆ', 'ஊ', 'ஈ', 'ம்ம்', 'ஷ்ஷ்', 'ஸ்ஸ்' என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். பேச்சில் வரும் தடித்த ஒலி முதல் மெல்லிய ஒலி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். எதற்குத் திரும்பினான், எதற்குத் திரும்பவில்லை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அது உதவும். ஆனால் ஆறுக்கும் திரும்பினான் என்று டெஸ்ட்டை ரத்து செய்துவிடாதீர்கள்.

மூன்று வயது வரை

உங்கள் கணவர் நான்கு வயதில் பேசினார் என்பது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட குழந்தை, பேசாவிட்டாலும் புரிந்துகொள்ளும். கையைக் காட்டாமல், கண்ணையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாமல், "செருப்பை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றரை வயது தாண்டிய குழந்தை இதைச் செய்யும். பேச்சே வராமல் இருப்பது ஒரு கவலை. 'பப்பப்பா' வந்து பிறகு குறைந்தது எனக்கு அதைவிடப் பெரிய கவலை. காது கேட்காத குழந்தையும் ஆரம்பத்தில் மழலை பேசும். தன் குரலே தன் காதில் விழாதபோது அந்த விளையாட்டு மெல்ல நின்றுபோகும்.

1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் கண்டுபிடிப்பு, 6 மாதத்துக்குள் சிகிச்சை: உலகம் முழுக்க எங்கள் துறையில் வைத்திருக்கும் கணக்கு இது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. கையில் 'பாஸ்' சீட்டு இருக்கும்போது யாரும் தேடி அலைய மாட்டார்கள். 19 மாதத்தில் இன்னும் நிறையச் செய்யலாம். முதல் மூன்று வருடத்தில் கேட்டுக் கேட்டுத்தான் மூளையில் மொழிக்கான பாதை விழுகிறது. மூன்று வயது வரை பொறுத்திருந்து, அன்றைக்குக் காதில்தான் குறை என்று தெரிந்தால், போன அந்த ஒன்றரை வருடத்தை எந்த மெஷினும் திருப்பித் தராது. இப்போது பார்த்து எல்லாம் சரி என்று தெரிந்தால் உங்களுக்குப் போவது ஒரு நாள் கூலி.

வசம்புக்கு வருகிறேன். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்து வளர்ந்த ஊர் நம்முடையது, எனக்கும் என் பாட்டி கட்டிவிட்டவர்தான். கையில் கட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, பையன் அதைக் கடிக்காமல் இருந்தால் சரி. நாக்கில் தேய்ப்பதை நிறுத்துங்கள். வாந்தி வரவழைக்கும், காதுக்கோ பேச்சுக்கோ போகாது. நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாம் என்று யாராவது கிளம்பினால் அதையும் காது பார்த்து முடியும் வரை தள்ளிப்போடுங்கள். காதில் எண்ணெய் மட்டும் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

பெரா அறைக்குள்

பயம் எல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்பதால் உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறேன். ஊசி இல்லை, ஷாக் இல்லை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சொரசொரப்பான பேஸ்ட்டால் தோலைத் துடைத்து, ரூபாய்க் காசு அளவு ஸ்டிக்கர்களை ஒட்டுவோம். குழந்தைகள் அழுவது அந்தத் துடைப்புக்குத்தான். காதில் மெத்தென்ற இயர்போன். தூங்கியதும் 'டிக் டிக் டிக்' என்று ஆயிரக்கணக்கில் சத்தம் போகும். ஒவ்வொரு டிக்குக்கும் நரம்பும் மூளைத்தண்டும் 10 மில்லி விநாடிக்குள் காட்டும் மின் அசைவை ஸ்டிக்கர் பிடிக்கும். திரையில் வரும் மேடுகளில் ஐந்தாவது மேடுதான் எங்களுக்கு முக்கியம். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, எதுவரை அந்த மேடு தெரிகிறது என்று பார்ப்போம். மெஷின் குழந்தைக்குள் எதையும் அனுப்புவதில்லை, சத்தத்தைத் தவிர.

குழந்தை அசையக் கூடாது என்பதற்காகத்தான் தூக்கம். தானாகத் தூங்கினால் மருந்தே வேண்டாம். இல்லையென்றால் எடைக்கு ஏற்ற அளவில் வாய்வழி சிரப், பெரும்பாலும் ட்ரைக்ளோஃபாஸ். அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் மயக்கம் வேறு, இது வேறு. இப்படி ஒருமுறை கொடுப்பதால் மூளை கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்: மூச்சு மந்தமாகலாம், வாந்தி வரலாம். ஆகவே மருத்துவர் இருக்கிற, ஆக்சிஜன் அளவு பார்க்கிற மருத்துவமனையில்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வருவதோ, கடையில் வாங்கிக் கொடுப்பதோ கூடவே கூடாது. குறைமாதத்தில் பிறந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சளி, இரைப்பு, வலிப்பு, தூக்கத்தில் குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சளி இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

பெராவை மட்டும் தனியாக எடுக்க விடாதீர்கள். அதே நாளில் டிம்பனோகிராம், அதாவது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு மறுபடி ஓ.ஏ.இ., பிறகு பெரா. அதோடு விழித்திருக்கும்போது அவன் சத்தத்துக்கு எப்படித் திரும்புகிறான் என்று சவுண்ட்ப்ரூஃப் அறையில் பொம்மை காட்டிப் பார்க்கும் சோதனையும் வேண்டும். ஒன்றைக்கொண்டு ஒன்றைச் சரிபார்ப்பதுதான் குழந்தைகள் விஷயத்தில் எங்கள் முதல் விதி.

ரிப்போர்ட் கையில் வந்தபின்

நீர்க்கோவை என்றால் அது பெரும்பாலும் தானே வடியும், இ.என்.டி. மருத்துவர் மூன்று மாதம் வரை கவனிப்பார், பிறகு மறுபடி சோதனை. காக்ளியாவிலேயே குறை என்றால் காலம் கடத்தாமல் இரண்டு காதுக்கும் மெஷின், கூடவே பயிற்சி. எல்லாமே சரியாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்: பெயருக்குத் திரும்பாத குழந்தைக்கு ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிப் பரிசோதனை அடுத்துச் செய்ய வேண்டும்.

ஓ.ஏ.இ. வந்து பெராவில் கோடு தட்டையாக இருந்தால்தான் கவனம் தேவை. அது நியூரோபதியைக் காட்டும். ஆனால் எவ்வளவு கேட்கிறது என்பதை அந்தத் தட்டைக் கோடு சொல்லாது. தட்டையான பெரா வைத்துக்கொண்டு ஓரளவு நன்றாகக் கேட்கிற குழந்தைகள் உண்டு. பவர் மெஷினை உடனே மாட்டுவதோ, அந்த ஒரு தாளை வைத்து ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதோ இரண்டும் அவசரம். விழித்திருக்கும் சோதனையில் தெரிவதை வைத்து மெஷின் போட்டு, சில மாதம் பயிற்சியோடு பார்த்து, பலன் இல்லையென்றால் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி, பற்றிப் பேசலாம். நியூரோபதியில் இம்ப்ளாண்ட்டால் நன்றாகப் பேசும் குழந்தைகள் பலர். கடைக்காரரிடம் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். எத்தனை பவர் கண்ணாடி என்று பார்க்காமல் யாராவது குழந்தைக்குக் கண்ணாடி மாட்டுவார்களா?

செலவுக்குப் பயந்து நிற்காதீர்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் கவனிக்கும் குறைகளில் பிறவிக் காது கேளாமையும் ஒன்று. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அதற்காகவே ஏற்பட்டவை. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்த மையத்தைக் கேட்டுப் போங்கள். இம்ப்ளாண்ட் தேவைப்பட்டால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆபரேஷன் ஒரு நாள் வேலை. பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கு. அதற்கு வீட்டில் யார் நேரம் ஒதுக்குவது என்பதை இப்போதே கணவரிடம் பேசிவையுங்கள்.

சொந்தத்தில் கட்டியது

அத்தை மகனைக் கட்டினால் சில பரம்பரைக் குறைகளுக்கான வாய்ப்பு கூடுவது உண்மை. காது கேளாமையில் கனெக்சின் 26 போன்ற மரபணுக்களில், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டும் பழுதாக வந்தால்தான் குறை தெரியும். இருவரும் கொடுப்பது அது. உங்கள் தலையில் மட்டும் கட்டுவதற்கு இல்லை. அதுவும் உங்கள் மகனுக்குக் குறைமாதம், காமாலை, ஊசி என்று வேறு மூன்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும்போது மரபணு ஆலோசனைக்குப் போங்கள். அதுவரை இந்தப் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள்.

அத்தையையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பது என் சொந்த யோசனை. உள்ளே நடப்பதைத் தன் கண்ணால் பார்த்த பாட்டிகள் பிறகு எங்கள் கட்சிக்கு வந்துவிடுவார்கள். தவிர, உங்களுக்கு வழியில் இன்னொரு ஆள் வேண்டும். முதல் நாள் ராத்திரி பையனை வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாகப் படுக்கவைத்து, விடிகாலை நாலு மணிக்கே எழுப்பிவிடுங்கள். சிரப் கொடுக்கும் வாய்ப்பு இருப்பதால் எத்தனை மணியோடு பால், சாப்பாடு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஸ்டிக்கர் ஒட்டாது. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் மட்டும் உட்காராதீர்கள். காற்று பட்டால் ஊர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவான். என் அறையில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.